அஞ்சறைப் பெட்டியில் ஆறு கற்கள்

நீ இதைப் படிக்கும் நேரத்தில் வேறு இரண்டு பேரும் இதைப் படித்துக்கொண்டிருப்பார்கள். ஒரு படி எங்கள் நிலவியல் துறைத் தலைவரின் மேசைக்குப் போகிறது. இன்னொன்று ஹெப்பகோடிக்கு, எங்கள் துறையில் முன்பு ஆய்வு மாணவியாக இருந்த சுமாவின் வீட்டுக்கு. மகனுக்கு எழுதும் கடிதத்தை ஏன் மூன்று படி எடுக்க வேண்டும் என்று கேட்பாய். உனக்கு மட்டும் சொன்னால் நீ என்னை மன்னித்துவிடுவாய். மன்னித்துவிட்டு வாயையும் மூடிக்கொள்வாய். அப்படிப்பட்ட பிள்ளையாகத்தான் உன்னை வளர்த்திருக்கிறேன். அதனால் மூன்று படி.

அடுத்த வாரம் நீ ஆஸ்திரேலியாவுக்குப் போகிறாய். பூமியின் மேலோடு முதன்முதலில் எப்படித் துண்டுதுண்டாக நகரத் தொடங்கியது என்று மூன்று ஆண்டு ஆராயப் போகிறாய். உன் பெட்டியில் பஞ்சு சுற்றி வைத்திருக்கும் கண்ணாடித் துண்டுகளில் ஒன்றை நம்பித்தான் அந்த ஆராய்ச்சியே. அது தவறான கண்ணாடி. அதைச் செய்தவள் நான். தவறு என்பது அன்றைக்கே எனக்குத் தெரியும்.

இதை முதல் பக்கத்திலேயே எழுதிவிட வேண்டும் என்று நினைத்தேன். எழுதிவிட்டேன். இனி மெதுவாகச் சொல்கிறேன்.

போன ஞாயிறு காலை நம் சந்தாபுரா வீட்டுச் சமையலறையில் நான் உளுந்து கழுவிக்கொண்டிருந்தேன். நீ நிலைக்கதவில் சாய்ந்து நின்றாய், லேப்டாப்பை ஒரு கையில் ஏந்தியபடி.

“அம்மா, கோலார் நாலாம் நம்பர் ஸ்லைடு நீ பண்ணதுதானே?”

“ஆமா. சுமாவோட செட்டு. ஆறும் நான்தான்.”

“அந்த நாலுதாம்மா என் மூணு வருஷம். லேபிள் கிழக்குங்குது. உள்ள இருக்கற கல்லு மேற்கு மாதிரி கிழடா இருக்கு. எப்படி வந்திருக்கும் சொல்லு?”

நான் தண்ணீரை வடித்தேன்.

“அங்க இருக்கற புரொபசர் மீட்டிங்ல கேட்டாரு, லேபிள் மாறியிருக்க சான்ஸ் உண்டான்னு. எங்க அம்மா பண்ண ஸ்லைடு சார், மாறாதுன்னுட்டேன். சிரிச்சிட்டாரு.”

கூடத்திலிருந்து உன் அப்பா குரல் கொடுத்தார். “டேய், அந்தக் கல்லு உனக்கு முன்னாடியும் இருந்துது, உனக்கு அப்புறமும் இருக்கும். உளுந்து இருக்காது. அவளை மாவாட்ட விடு.”

நீ சிரித்தாய். நானும் சிரித்தேன். நான் சிரித்தேன் என்பதை இங்கே எழுதி வைக்கிறேன்.

என் வேலை உனக்குத் தெரியும். மற்ற இருவரில் துறைத் தலைவர் புதியவர், என் கைமுறை தெரியாதவர், அவருக்காகச் சொல்கிறேன். கல்லைச் சீவலாக அறுப்பேன். ஒரு முகத்தை வழவழப்பாகத் தேய்ப்பேன். ஈரம் போகச் சூடாக்குவேன். அந்த முகத்தைக் கண்ணாடியில் பசை வைத்து ஒட்டி, மறுமுகத்தை ஒளி ஊடுருவும்வரை தேய்ப்பேன். மில்லிமீட்டரில் நூறில் மூன்று பங்கு. நுண்ணோக்கியில் வைத்தால் குவார்ட்ஸ் மஞ்சளாகத் தெரியக் கூடாது. தெரிந்தால் இன்னும் தடிமன். சாம்பலாகத் தெரிந்ததும் கையை எடுத்துவிட வேண்டும். கொஞ்சம் கூடத் தேய்த்தால் கல் போய்விடும், வெறும் கண்ணாடி மிஞ்சும். பல கோடி ஆண்டு தாங்கிய ஒன்று என் விரல் நுனியில் சேறாகி வடிகாலில் போன நாட்கள் உண்டு. அந்தத் தவறுகளையெல்லாம் உடனே போய்ச் சொல்லியிருக்கிறேன். கல் போய்விட்டது என்றால் எல்லோருக்கும் தெரிந்துவிடும். மறைக்க வழி இல்லை. மறைக்க வழி இருந்த தவறு ஒன்றே ஒன்றுதான்.

சீவல்களை உலர்த்த ஒரு தட்டு கேட்டுக் கேட்டு அலுத்துப் போய், வீட்டிலிருந்து ஒரு எவர்சில்வர் அஞ்சறைப் பெட்டியை ஆய்வகத்துக்குக் கொண்டுபோனேன். பெயர்தான் அஞ்சறை. நடுவில் ஒரு கிண்ணம், சுற்றி ஆறு. கடுகும் மிளகும் இருந்த இடத்தில் கற்கள். சுற்றி ஆறு கற்களை எண் வரிசையில் வைத்து, பெட்டியோடு சூடான தகட்டின் மேல் வைப்பேன். கிண்ணங்கள் எல்லாம் ஒரே மாதிரி, எங்கே தொடங்குவது என்று தெரியாது. அதற்காக விளிம்பில் சிவப்பு நகப்பூச்சால் ஒரு பொட்டு வைத்திருந்தேன். பொட்டுக்கு நேராக இருப்பது ஒன்று. அங்கிருந்து வலமாக இரண்டு, மூன்று. ஒழுங்காகச் செய்பவர்கள் ஒவ்வொரு சீவலின் முதுகிலும் பென்சிலால் எண் எழுதுவார்கள். நானும் எழுதுவேன். பெட்டி வந்த பிறகு எழுதுவதை விட்டேன். பெட்டிதான் இருக்கிறதே.

சுமா கொண்டுவந்த கற்கள் ஆறு. கோலார் தங்கவயலின் கரும்பாறைப் பட்டைக்கு மேற்கே மூன்று, கிழக்கே மூன்று. பொன் கிடைத்தது நடுவில் ஓடும் அந்தக் கரும்பட்டையில். இரண்டு பக்கமும் இருப்பது சாம்பல் நிற வரிப்பாறை. பார்வைக்கு அண்ணன் தம்பி போல இருக்கும். ஆனால் மேற்கே உள்ளதில் மிகப் பழைய ஒரு நிலத்தின் எச்சம் உண்டு. கிழக்கே உள்ளது அதற்கு வெகு பின்னால், மேலோட்டுக்குக் கீழே இருக்கும் கவசத்திலிருந்து புதிதாக உருகி மேலேறி உறைந்தது. இரண்டும் வேறு வேறு இடத்தில் பிறந்து, இருநூற்றைம்பது கோடி ஆண்டுகளுக்கு முன்பு அருகே வந்து ஒட்டிக்கொண்ட நிலங்களா? இல்லை, முதலிலிருந்தே ஒன்றா? அதுதான் சுமாவின் கேள்வி. ஒட்டிய தையலின் வழியேதான் கீழிருந்து வெந்நீரும் பொன்னும் ஏறின என்று சொல்கிறவர்கள் உண்டு. என் அப்பா இருபத்தெட்டு ஆண்டு அந்தத் தையலுக்குள் இறங்கி ஏறினார். அவருக்கு இது எதுவும் தெரியாது. கீழே போகப் போகக் கல் சுடும் என்பது தெரியும். “செவுத்துல கை வைக்க முடியாதும்மா” என்பார். பூமியைப் பற்றி நான் முதலில் தெரிந்துகொண்டது அதுதான். அந்தச் சூடு எங்கிருந்து வருகிறது என்று கேட்டுத்தான் இந்தப் படிப்புக்கு வந்தேன்.

உன்னை லால்பாக் பாறைக்குக் கூட்டிப்போன நாள் நினைவிருக்கிறதா? உனக்கு எட்டு வயது இருக்கும். பாறையில் கவிழ்ந்து படுத்துக் காதை வைத்துக் கேட்டாய். முந்நூறு கோடி ஆண்டுக் கல், காலை வெயிலில் இளஞ்சூடாக இருந்தது. இதுக்கு அடியில என்ன என்று கேட்டாய். கல் என்றேன். அதுக்கு அடியில? அதுவும் கல். பாடப் புத்தகத்தில் மேலோட்டுக்குக் கீழே சிவப்பு வண்ணம் அடித்து வைத்திருக்கிறார்கள், பிள்ளைகள் அதைத் தீக்கடல் என்று நினைத்துக்கொள்கிறார்கள். கவசம் கடல் அல்ல. கெட்டியான கல். அந்தச் சூட்டிலும் அழுத்தத்திலும் அது ஊர்ந்து ஓடும், அவ்வளவுதான். உனக்கு அது பிடிக்கவில்லை.

“கல்லு எப்படிம்மா ஓடும்?”

“மெதுவா.”

“எவ்ளோ மெதுவா?”

“உன் நகம் வளர்ற மாதிரி.”

உன் கட்டைவிரல் நகத்தை வெகுநேரம் பார்த்தாய். பிறகு, “ஓடலையே” என்றாய்.

கடலடியின் மேலோடு பிறக்கிறது, நகர்கிறது, கனத்துப்போய் மறுபடி கவசத்துக்குள் இறங்குகிறது. கண்டங்களின் மேலோடு லேசானது, இறங்க மறுத்து மேலேயே கிடக்கிறது. அதனால்தான் பழைய கணக்குகள் எல்லாம் கண்டங்களில் மிஞ்சியிருக்கின்றன. இதை எல்லாம் அன்று உனக்குச் சொன்னேன். பழையது அழியாமல் மேலேயே கிடக்கும் என்று நானே என் வாயால் சொன்னேன். அப்போது அந்த ஆறு கண்ணாடிகளும் செய்து ஓராண்டு ஆகியிருந்தது.

அந்த நாளை நீ அறிவாய். நம் வீட்டில் பலமுறை சொல்லப்பட்ட கதை. உன் பள்ளியிலிருந்து போன் வந்தது, காய்ச்சல் கொதிக்கிறது என்று. அம்மா எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடிவந்தாள். அரைமணி நேரத்தில் வந்து நின்றாள். நீ அதைக் கல்லூரியில் ஒரு கட்டுரையாகக்கூட எழுதினாய். நான் அதைப் படித்துவிட்டு மடித்து வைத்தேன். திருத்தவில்லை.

போட்டுவிட்டு ஓடிவரவில்லை. முடித்துவிட்டு ஓடிவந்தேன். போன் வந்தபோது கற்கள் உலர்ந்திருந்தன. பசை கலந்தாயிற்று. கலந்த பசை காத்திருக்காது, இறுகிவிடும். பெட்டியின் விளிம்பில் பசை சொட்டி வழிந்திருந்தது. அசிட்டோனில் துணியை நனைத்து விளிம்பைச் சுற்றித் துடைத்தேன். அசிட்டோன் எதற்கு என்று எந்தப் பெண்ணைக் கேட்டாலும் சொல்வாள். நகப்பூச்சைத் துடைக்கத்தான். துணியில் சிவப்பு வந்தது. பொட்டு போய்விட்டது.

துடைக்கும்போது பெட்டியைச் சுழற்றியிருந்தேன். எவ்வளவு சுழற்றினேன் என்று தெரியவில்லை. ஆறு சாம்பல் கற்கள், எது முதல் என்று தெரியாமல். பசையைக் கொட்டிவிட்டு, கிடங்கில் இருந்த பெரிய கற்களிலிருந்து மறுநாள் புதிதாக அறுத்திருக்கலாம். ஒரு நாள் வேலை. நான் ஊகித்தேன். இதுதான் ஒன்று என்று ஒரு கிண்ணத்தை முடிவு செய்து, வரிசையாக எடுத்து ஒட்டி, கண்ணாடிகளில் வைர முனையால் எண்களைக் கீறினேன். பிறகு உன்னிடம் வந்தேன். உன் காய்ச்சல் இதற்குக் காரணம் என்று ஒரு நிமிடம்கூட நினைக்காதே. காய்ச்சல் உனக்கு. ஊகம் என்னுடையது. மறுநாள் நீ தேறிவிட்டாய், இட்லி கேட்டாய். எனக்கு நேரம் இருந்தது. நான் திரும்பிப் போய் அறுக்கவில்லை.

மறுநாள் வேறொன்று செய்தேன். அரம் எடுத்துப் பெட்டியின் விளிம்பில் ஆழமாக ஒரு வெட்டுப் போட்டேன். நீ சிறுவயதில் ஆய்வகத்துக்கு வந்தபோது அந்த வெட்டில் விரலை வைத்து, “எலி கடிச்சிதாம்மா?” என்று கேட்டாய். இனிமேல் அழியாத அடையாளம் வேண்டும் என்று போட்டது. தெரியாமல் நடந்துவிட்டது என்று நான் யாரிடமும் சொல்ல முடியாது. அந்த வெட்டு இருக்கிறது.

ஆறு மாதம் கழித்து வயது முடிவுகள் வந்தன. அதே கண்ணாடிகளில் இருந்த, கல்லின் வயதைக் காட்டும் சிர்க்கான் மணிகளைத்தான் அளந்திருந்தார்கள். மேற்கே ஒரு கல் இளையதாக இருந்தது. கிழக்கே ஒரு கல் மிகப் பழையதாக இருந்தது. மற்ற நான்கும் சரி. சுமா ஆய்வகத்துக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். நாங்கள் பேசுவது கன்னடத்தில், உனக்காகத் தமிழில் எழுதுகிறேன்; மற்ற இரண்டு படிகளும் கன்னடத்தில்தான்.

“அக்கா, கோச்சுக்காதீங்க. ஒண்ணும் நாலும் மாறியிருக்குமா? இந்த நாலு, நான் மேற்கே ஒரு ஓடைக்கரையில உடைச்ச கல்லு மாதிரியே தெரியுது.”

“மாறாது சுமா. நான் பெட்டியில வரிசையா வெச்சுத்தான் எடுப்பேன்.”

“அப்ப என் கண்ணுதான் தப்பு” என்றார்.

எழுந்து போய்விட்டார். பழைய நிலம் இரண்டு பக்கமும் இருக்கிறது, ஆகவே இரண்டும் முதலிலிருந்தே ஒன்று என்று ஆய்வேட்டில் எழுதினார். மற்றவர்கள் கண்டதோடு பொருந்தவில்லை. வாய்மொழித் தேர்வில் கிழித்தார்கள். திருத்தி எழுத ஓர் ஆண்டு ஆனது. பட்டம் வாங்கினார். அதன் பிறகு கல் பக்கமே வரவில்லை. துறையில் எல்லோரும் சொன்னார்கள், அந்தப் பெண்ணுக்குப் பொறுமை போதாது என்று. நான் அங்கேதான் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

இந்த வாரம் கிடங்குக்குப் போனேன். சுமாவின் ஆறு பெரிய கற்களும் மரப்பெட்டியில் கிடந்தன, வெள்ளைப் பெயிண்டில் எண்கள் அப்படியே. ஆறையும் மறுபடி அறுத்தேன். கண்ணாடியில் முதலில் எண், பிறகுதான் கல். மூன்று நாள் ஆனது. உன் பெட்டியில் இருக்கும் நாலைத் தவிர, மற்ற ஐந்து பழைய கண்ணாடிகளையும் புதியவற்றோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நான் ஒரே ஒரு கிண்ணம் தள்ளி எடுத்திருக்கிறேன். கிழக்கின் கடைசிக் கல் மேற்கின் முதல் கல்லாகியிருக்கிறது. மேற்கின் கடைசிக் கல் கிழக்கின் முதல் கல்லாக, நாலாம் எண்ணாக நிற்கிறது. மற்றவை தங்கள் பக்கத்துக்குள்ளேயே இடம் மாறியதால் யாருக்கும் உறுத்தவில்லை. மேற்கு நிலத்தின் ஒரு துண்டு கிழக்கின் அடியில் போய், கவசத்தின் சூட்டைத் தொட்டு மேலே வந்தது என்று நீ எழுதியிருக்கிறாய். நன்றாக எழுதியிருக்கிறாய். அந்தத் துண்டு எங்கும் போகவில்லை. என் அஞ்சறைப் பெட்டியில் ஆறில் ஒரு பங்கு சுற்றியது.

வியாழக்கிழமை ஹெப்பகோடிக்குப் போனேன். சுமா கதவைத் திறந்ததும் என்னை அடையாளம் தெரிந்துகொண்டார். ஒரு மென்பொருள் நிறுவனத்தில் சோதனைப் பிரிவில் இருக்கிறார். “அடுத்தவங்க தப்பைக் கண்டுபிடிக்கறதுதான் அக்கா இப்ப என் சோறு” என்று சிரித்தார். காபி கொடுத்தார். நான் காபி குடிக்கும் முன் சொல்லிவிட்டேன். குடித்துவிட்டுச் சொன்னால் சரியாக இருக்காது என்று தோன்றியது.

பக்கத்து வீட்டில் குக்கர் மூன்று முறை கூவியது.

“அந்த நாலு, ஓடைக்கரைக் கல்லுதானா?”

“மூணாவது கல்லு. நீங்க மேற்கே ஓடைகிட்ட எடுத்ததுன்னு நோட்டுல எழுதியிருக்கு.”

“அப்ப நான் சரியாத்தான் பார்த்திருக்கேன்.”

“சரியாத்தான் பார்த்தீங்க.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே பேசினார். “ஒரு வருஷம் போனது பரவாயில்ல அக்கா. எனக்குப் பார்க்க வராதுன்னு நெனச்சேன். ஃபீல்டுல பார்க்கறதும் வராது, லென்ஸ்ல பார்க்கறதும் வராது. உங்களை நம்பினேன். அதனால என்னை நம்பல.”

நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். எனக்கு அது வேண்டியதுதான். வாசலில் செருப்பு மாட்டும்போது கேட்டார்: “உங்க பையன்கிட்ட சொல்லியாச்சா?” இல்லை என்றேன். “முதல்ல என்கிட்ட வந்தீங்க.” ஆமாம் என்றேன். “சரி” என்றார். பிறகு, “அந்த ஸ்லைடை நான் ஒரு தடவை பார்க்கலாமா?”

உனக்கு அறிவுரை சொல்லும் இடத்தில் நான் இப்போது இல்லை. இருந்தாலும் அம்மா என்பதால் இரண்டு வார்த்தை. உன் அதிசயம் போய்விட்டது, அதற்காக வருந்துகிறேன். கேள்வி போகவில்லை. கிழக்கு கிழக்காகவும் மேற்கு மேற்காகவும் நிற்கின்றன. அவை எப்படி அருகே வந்தன, கவசம் இன்றைவிடச் சூடாக இருந்த அந்தக் காலத்தில் இன்றுபோல ஒன்று மற்றதன் கீழ் இறங்கியதா, வேறு மாதிரியா? யாருக்கும் உறுதியாகத் தெரியாது. அந்தப் பேராசிரியர் உன்னிடம் சரியான கேள்வியைக் கேட்டார். நீ என்மேல் உள்ள அன்பால் பதில் சொன்னாய். இனி அப்படிச் சொல்லாதே. யார் செய்த கண்ணாடியாக இருந்தாலும் பெரிய கல்லை எடுத்துவரச் சொல்லிப் பார். அம்மா செய்தது என்றால் இரண்டு தடவை பார். அவருக்கு நீ எழுத வேண்டியதை நான் எழுதித் தர மாட்டேன். உன் திட்டத்தை அவர்கள் மாற்றச் சொல்லலாம், தள்ளிப்போடலாம். நீ என்மேல் கோபப்படலாம். காய்ச்சலுக்கு ஓடிவந்த அம்மாவும் இவள்தான், சுமாவிடம் மாறாது என்று சொன்னவளும் இவள்தான். இருவரில் ஒருத்தியை மட்டும் வைத்துக்கொள்ள உன்னால் முடியாது. நான் முயன்று பார்த்துவிட்டேன்.

துறைத் தலைவர் என்ன முடிவு செய்தாலும் சரி. பழைய ஆறு கண்ணாடிகளை அழிக்க வேண்டாம் என்று மட்டும் கேட்டிருக்கிறேன். இங்கே இருக்கும் ஐந்திலும் தவறான எண்ணின் பக்கத்தில் சரியான எண்ணைக் கீறி, என் கையெழுத்தையும் கீறியிருக்கிறேன். உன் பெட்டியில் இருக்கும் நாலையும் கொண்டுவா, அதிலும் கீற வேண்டும்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குச் சுமா ஆய்வகத்துக்கு வருகிறார். நுண்ணோக்கி முன்னால் இரண்டு ஸ்டூல் போட்டிருக்கிறேன். புதிய மூன்றாம் எண்ணும் பழைய நாலாம் எண்ணும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். முதலில் அவர் பார்க்கட்டும். என்ன தெரிகிறது என்று அவர் வாயால் சொல்லி முடித்த பிறகு நீ பார். நான் நின்றுகொள்கிறேன். எதுவும் சொல்ல மாட்டேன்.